கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடியும் இலக்கிய விழா

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கோத்தகிரி பக்கம் ஒரு கிளை நூலகம். வாசகர் வட்டத்தில் பெயருக்கு நாற்பது பேர், ஒழுங்காக வருபவர்கள் பதினைந்து பேர். ஊட்டியில் நடப்பதைப் போல நாமும் இரண்டு நாள் இலக்கிய விழா நடத்தினால் என்ன என்று ஆசை. எந்த மாதம் வைப்பது, யாரைக் கூப்பிடுவது, பணத்துக்கு என்ன வழி, கூட்டம் வருமா என்பவை உங்கள் கேள்விகள். சினிமாவுக்குப் பாட்டு எழுதும் ஒருவரிடம் சிறப்பு விருந்தினராக வரச் சொல்லிப் பேசி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். கூடலூர் பக்கமும் குன்னூர் பக்கமுமாகப் பல வருஷம் கிளை நூலகங்களில் வேலை. சின்னதும் பெரியதுமாக ஏழெட்டு விழாக்களில் நாற்காலி அடுக்கியிருக்கிறேன். அதில் இரண்டு நன்றாக நடந்தன. மீதியில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் ஊருக்குச் சுற்றிலும் உள்ள ஹட்டிகளுக்கும் (படுகர் சமூகத்தாரின் கிராமங்கள்) எஸ்டேட்டுகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அதை எழுதி வாங்கி வாருங்கள். விழாவின் முடிவு நேரம் அதுதான். மற்றதெல்லாம் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டியது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு வருஷம் எங்களுக்கு அப்படி ஆயிற்று. சமவெளியிலிருந்து பெயர் பெற்ற பேச்சாளர் ஒருவர் வருவதாக இருந்தது. பதினொரு மணிக்கு வர வேண்டியவர் மூன்றே காலுக்கு வந்தார். வழியில் கார் நின்றதா, வேறு கூட்டத்தில் பேசிவிட்டு வந்தாரா, இன்றுவரை தெரியாது. அதுவரை நாங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக எதையோ சொல்லிச் சமாளித்தோம். அவர் பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம் இருக்கும். பின்வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். வாரம் ஆறு நாள் இலை பறித்துவிட்டு, கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். குழந்தைகளை இழுத்துக்கொண்டு, சத்தம் வராமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். பேச்சாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. மலைக்காரர்களுக்கு இலக்கிய ருசி கொஞ்சம் குறைவுதான் என்று மேடையிலேயே ஒரு வார்த்தை விட்டார். நாலு மணி பஸ்ஸை விட்டால் அவர்கள் ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை.

அந்த ஆறு கிலோமீட்டரும் சும்மா நடை அல்ல. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து ரோடுகளில் இருட்டும் நேரத்தில் காட்டெருமை நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். கரடியும் உண்டு. ஆகவே காலை பத்தரைக்கு ஆரம்பித்து மூன்றரைக்கு முடித்துவிடுங்கள். அதற்கு மேல் மூடுபனியும் இறங்கிவிடும்.

அப்புறம் ஊட்டி உதாரணம். அங்கே விழா நடக்கும் நீலகிரி நூலகம் 1859-இல் ஆரம்பித்தது. சிஸோம் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த பழைய கட்டடம், சந்தா கட்டும் உறுப்பினர்கள், 2016 முதல் நடக்கும் விழா. பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பது, வெளியூரிலிருந்து வந்து தங்கிக் கேட்பவர்களும் உண்டு. அது அந்த நூலகத்துக்குப் பொருந்துகிறது. உங்கள் நூலகத்தின் பிறப்பே வேறு. 1948-ஆம் வருஷத்து மதராஸ் பொது நூலகச் சட்டத்தின் வழியில் வந்தது அது. நீங்கள் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. அதாவது அந்த அறை, அந்த அலமாரி, அந்த ஆடும் மேஜை எல்லாவற்றுக்கும் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று. விழாவுக்கு வருபவர் விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர். ஊட்டியைப் பார்த்து மேடை அலங்காரம் செய்யப் போனால் கையில் இருக்கும் காசும் போய், வீட்டுக்காரரும் வாசலில் நின்றுவிடுவார்.

சரி, மாதம். நூலகத் துறைக்காரர்கள் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரத்தில் வைக்கச் சொல்வார்கள். சமவெளியில் அது சரி. நீலகிரியில் ஒரே மலைக்கு இரண்டு மழைக்காலம். கூடலூர், பந்தலூர், தேவாலாவைத் தென்மேற்குப் பருவமழை அடிக்கும். குன்னூர், கோத்தகிரியை வடகிழக்கு அடிக்கும். அதாவது உங்கள் ஊருக்கு நவம்பர்தான் மோசமான மாதம். 2009 நவம்பரில் மண் சரிந்து எத்தனை உயிர் போயிற்று என்பதை அந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நூலக வாரத்துக்கு உள்ளேயே ஒரு சின்னக் கூட்டம் வைத்துக் கடமையை முடியுங்கள். விழா வேண்டாம்.

டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் படுகர்களின் குலதெய்வமான ஹெத்தையம்மனின் பண்டிகை வந்துவிடும். அந்தக் கோயில் இருக்கும் பேரகணிக்குப் போகாத படுகர் வீடு இருக்காது. கோத்தர், தோடர் பழங்குடிகளுக்கும் அந்தச் சமயத்தில்தான் முக்கியமான விழாக்கள். ஏப்ரல், மே பேச்சே எடுக்காதீர்கள். சீசனில் ஊட்டி வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றிக் கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வர வேண்டிய உங்கள் பேச்சாளர் மலை முழுக்கச் சுற்றிக்கொண்டு வருவார். விடுதி வாடகையும் அப்போது தொட முடியாது. ஜூனிலிருந்து பள்ளிக்கூடம், காற்று, சாரல்.

என்னைக் கேட்டால் பிப்ரவரி நான்காவது வாரம். வெயிலும் குளிரும் சம அளவில் இருக்கும். வானம் தெளிவாக இருக்கும். பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். 1999-இல் யுனெஸ்கோ அறிவித்தது. உங்கள் தாலுகாவில் எத்தனை தாய்மொழிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். படுகு, கோத்தம், இருளம், குறும்பர் மொழி, தமிழிலேயே நாலு தினுசு. அந்த நாளுக்கு அடுத்து வரும் ஞாயிறை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை நெருக்கடியில் இருப்பார்கள், அவர்களை விட்டுவிடுங்கள். ஆறிலிருந்து ஒன்பது வரை படிப்பவர்கள் கிடைப்பார்கள். கேட்பதற்கு அவர்கள்தான் நல்லவர்கள்.

இரண்டு நாளும் வேண்டாம், ஒரு நாள் போதும். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அன்று அலமாரிகளைச் சுவர் ஓரம் நகர்த்தலாம். சனிக்கிழமை சாயங்காலம் மைக், பந்தல். ஞாயிறு விழா. இதற்கெல்லாம் நூலகர் தனியாக முடிவெடுக்க முடியாது. அவர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு, குறைந்தது ஆறு வாரம் முன்னால். ஸ்பீக்கர் வெளியே வைத்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி. ஆஸ்பத்திரி நூறு மீட்டருக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஒலி தடை செய்யப்பட்ட பகுதி. உண்மையில் எண்பது பேருக்கு ஒரு பெட்டி ஸ்பீக்கர் போதும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று மட்டும் யோசித்து வையுங்கள், ஏனென்றால் போகும்.

இப்போது யாரைக் கூப்பிடுவது என்ற விஷயம். இதில்தான் நான் உங்களோடு கொஞ்சம் சண்டை போடப் போகிறேன்.

பாட்டு எழுதுபவர் வரட்டும், தப்பில்லை. ஆனால் அவரை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வையுங்கள், முக்கால் மணி நேரம், எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கும்படி. தனியாக மைக்கைக் கொடுத்தால் எந்தப் பேச்சாளரும் குறிஞ்சித் திணையிலிருந்துதான் ஆரம்பிப்பார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் பூ, கபிலர் அடுக்கிய 99 பூக்கள், மலையும் மலை சார்ந்த இடமும் என்று கால் மணி நேரம் ஓடிவிடும். 2018-இல் கொடைக்கானல் பக்கம் பூத்தபோது ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கேட்பவர்கள் அந்தப் பூவின் நடுவில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள், அவர்களுக்கு மலையை விளக்க வேண்டாம். ‘ஒரு மெட்டுக்குள் வார்த்தையை எப்படி உட்கார வைக்கிறீர்கள், செய்து காட்டுங்கள்’ என்று கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நிமிர்ந்து உட்காருவாள்.

காலை நேரத்தை மலைக்காரர்களுக்குக் கொடுங்கள். மலையில் இலக்கியம் இல்லை என்று யாராவது சொன்னால் அவருக்குத் தோடர் பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள். எமனோ என்ற மொழியியலாளர் 1935 முதல் 1938 வரை இந்த மலையில் இருந்து தோடர், கோத்தர், படுகர் மொழிகளைக் கேட்டு எழுதினார். தோடர் பாட்டுகளை மட்டும் தொகுத்து 1971-இல் ஒரு பெரிய புத்தகமே வந்தது. அந்தப் பாட்டுகளின் கட்டு விசித்திரமானது. மூன்று அசையில் ஒரு சின்னத் தொடர், அதற்கு இணையாக இன்னொரு மூன்று அசைத் தொடர், இப்படிச் சோடி சோடியாகவே பாட்டு நகரும். ஒன்றைச் சொன்னால் அதன் ஜோடியையும் சொல்லியாக வேண்டும், பாதியில் விட முடியாது. எருமைக்கு, மந்துக்கு (தோடர் குடியிருப்பு), ஊருக்கு, நடந்த சம்பவத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் ஜோடிகள் தயாராக உண்டு. அதை வைத்துப் புதிதாக நடந்த ஒன்றைப் பற்றி அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுவார்கள். ‘இன்றைக்கு நூலகத்துக்கு வந்ததைப் பற்றிக் கட்டுங்களேன்’ என்று முறையாகக் கேட்டு, கட்டினபின் அவரே சொல் சொல்லாகப் பிரித்துத் தமிழில் விளக்கினால் அதுவே ஒரு மணி நேர வகுப்பு.

நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? போர்வையோடு வரச் சொல்லி, வாசலில் நிறுத்தி, வட்டமாக ஆடவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு, டீ கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். ஒரு பெரியவர் ஆடி முடித்துவிட்டு என்னிடம், ‘உள்ளே என்ன பேசுகிறார்கள்?’ என்று கேட்டார். பழங்குடிப் பண்பாடு பற்றி ஒரு பேராசிரியர் பேசுகிறார் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு அப்புறம் நான் யாரையும் வரவேற்பு நடனத்துக்குக் கூப்பிட்டதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. சாவுச் சடங்கில் பாடுவதை, கோயிலில் மட்டும் சொல்வதை மேடையில் கேட்கக் கூடாது. எது வெளியில் சொல்லக் கூடியது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். ஒரு வாரம் முன்பே நேரில் போய்க் கேளுங்கள், போனில் வேண்டாம். சன்மானம் கவரில், சினிமாக்காரருக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு. நாள் கூலி போகிறதே என்ற எண்ணம் வராத தொகையாக இருக்கட்டும்.

படுகு மொழிக்கு ஒரு சங்கதி உண்டு. தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். ப-வுக்கு இரண்டு ஒலி, க-வுக்கு இரண்டு ஒலி என்பதோடு, நாக்கை மடித்துச் சொல்லும் உயிரொலிகளும் அதில் உண்டு என்று எமனோ அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறார். தமிழ் எழுத்து அதைப் பிடிக்காது. ஆகவே பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு பேசச் சொல்லுங்கள். கதையாக இருந்தால் இன்னும் நல்லது. பாட்டி சொல்ல, பேத்தி தமிழில் சொல்ல வேண்டும். பேத்திக்குப் புரியாத வார்த்தை வரும்போது பாட்டி முறைப்பாள், அவையே சிரிக்கும். அந்த இடத்தில்தான் விழா சூடு பிடிக்கும் என்று என் அனுபவம்.

படித்து விவாதிக்க ஒரு புத்தகம் வேண்டும் என்றால் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ இருக்கிறது. நீலகிரியில் வாழ்ந்து, படுகர் வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவல், வந்து அறுபது வருஷம் ஆகிறது. வாசகர் வட்டம் ஜனவரியிலேயே படிக்க ஆரம்பித்து, விழாவில் மூன்று படுகர் வாசகர்கள், ஒரு பெரியவர், ஒரு ஆசிரியை, ஒரு கல்லூரிப் பையன், மேடையில் உட்கார்ந்து எங்கே சரியாகப் பிடித்திருக்கிறார், எங்கே வெளியாளின் கண் தெரிகிறது என்று பேசட்டும். திறனாய்வாளர் யாரும் தேவையில்லை. புகழ்ந்தே தீர வேண்டும் என்றும் இல்லை.

எஸ்டேட் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களில் பல குடும்பங்கள் நீலகிரிக்கு வந்தன. டேன்டீ என்று நாம் சொல்லும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் அந்த லைன் வீடுகளில் (வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள்) இப்போது மூன்றாவது தலைமுறை இருக்கிறது. கண்டி, பதுளை, ஹட்டன் என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு இன்னும் சில முதியவர்கள் இருக்கிறார்கள். பிரட்டுக்களத்துப் பாட்டு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கும் இடம்தான் பிரட்டுக்களம்), கப்பலில் வந்த கதை, மண்டபம் முகாமில் இருந்த நாட்கள் எல்லாம் அவர்களிடம் உண்டு. கூடலூரில் ஒரு கிழவி, வரும்போது தகரப் பெட்டியில் கொண்டு வந்த ஒரே புத்தகம் என்று அட்டை போன ஒரு அல்லி அரசாணி மாலை என்ற கதைப்பாட்டுப் புத்தகத்தை எனக்குக் காட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. புருஷன் ராத்திரியில் ராகம் போட்டுப் படிப்பாராம், அதைக் கேட்டுக் கேட்டுப் பாதி மனப்பாடம். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிசகாமல் சொன்னாள். அவளை மேடையில் உட்கார வைக்காமல் நாங்கள் அந்த வருஷம் யாரையோ வைத்து நாவல் இலக்கியத்தின் போக்குகள் என்று ஒரு உரை வைத்தோம். அந்த முட்டாள்தனத்துக்கு இப்போதும் வருத்தம் உண்டு.

அழைப்பிதழுக்கு வருவோம். தலைமை ஒருவர், முன்னிலை ஆறு பேர், வரவேற்புரை, வாழ்த்துரை ஐந்து பேர், சிறப்புரை, நன்றியுரை என்று அச்சடித்தால் மத்தியானம் வரை பொன்னாடைதான் நடக்கும். நான் ஒரு தடவை கடிகாரம் வைத்துப் பார்த்தேன், பதினான்கு பேருக்குப் போர்த்திப் படம் எடுக்க 31 நிமிஷம். வருத்தப்படுபவர்கள் வருத்தப்படட்டும் என்று பொன்னாடையை எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுங்கள், இடத்திலேயே போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். உள்ளூர்ப் பிரமுகர்களுக்குக் கோபம் வராமல் இருக்க ஒரு வழி: அவர்களைத் தங்களுக்குப் பிடித்த ஒரு பக்கத்தை இரண்டு நிமிஷம் வாசிக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் வர மாட்டார்கள். வருபவர்கள் அருமையாக வாசிப்பார்கள். ஒரு மளிகைக் கடைக்காரர் திருக்குறளில் கள்ளுண்ணாமையை எடுத்துக்கொண்டு வாசித்தார், எதிரே சாராயக் கடை ஏலம் எடுத்தவர் உட்கார்ந்திருந்தார். பழைய கதை, விடுங்கள்.

வெளியூர்க்காரர்கள் காரில் வந்தால் இணையத்தில் இ-பாஸ் (வண்டி நுழைவு அனுமதி) எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும். பஸ்ஸில் வந்தால் தொல்லை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ரோடு வளைவுகள் நிறைந்தது, சாப்பிட்ட உடனே ஏற வேண்டாம் என்றும் ஒரு வார்த்தை. முந்தின நாளே வந்து தங்கினால் நல்லது. ஹோட்டல் வேண்டாம், வாசகர் வட்டத்தில் யார் வீட்டிலாவது ஓர் அறை, ஒரு கனமான கம்பளி. செலவும் மிச்சம், ராத்திரி அடுப்படியில் நடக்கும் பேச்சு மேடைப் பேச்சைவிட நன்றாக இருக்கும்.

தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கப், ஃப்ளெக்ஸ் எதுவும் கூடாது. மேட்டுப்பாளையம் ரோட்டில் குஞ்சப்பனை சோதனைச்சாவடியிலேயே பாட்டிலை வாங்கிவிடுவார்கள். வாடகைக்கு எவர்சில்வர் டம்ளர் எடுங்கள், துணியில் பேனர் எழுதுங்கள். ஊரில் போர்டு எழுதுகிறவர் இன்னும் ஒருவராவது இருப்பார், அவருக்கும் ஒரு வேலை.

புத்தகக் கடை போடுவது பற்றி. பெரிய பதிப்பகங்கள் இவ்வளவு சின்ன விழாவுக்கு ஆள் அனுப்பாது. கோயம்புத்தூரில் ஒரு கடைக்காரரிடம் பேசி, விற்றது போகத் திருப்பித் தருவதாகப் புத்தகம் எடுத்து வாருங்கள். புத்தகக் காட்சிகளில் கொடுப்பதுபோல் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலே போதும். விலை குறைந்த, பெரிய எழுத்தில் அச்சிட்ட குழந்தைப் புத்தகங்கள் நிறைய இருக்கட்டும், ஐம்பது ரூபாய்க்குள். மலையில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மத்தியானம் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வரும்போது முதலில் மூக்குக்கண்ணாடி மங்கும், அரை மணி நேரத்தில் பளபளப்பு அட்டைகள் ஒவ்வொன்றாக மேல் நோக்கிச் சுருள ஆரம்பிக்கும், மேஜை முழுக்க வாய் திறந்த மீன் மாதிரி. சுருண்ட புத்தகத்தைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார், அந்த நஷ்டம் உங்கள் தலையில். மேஜையை ஜன்னலுக்கு எதிர்ப் பக்கம் போடுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு பிரதியை மட்டும் பரப்பி, மீதியை அட்டைப் பெட்டியிலேயே இறுக்கமாக நிற்க வையுங்கள். தரையில் பெட்டி வைக்காதீர்கள், கீழே இரண்டு பலகை.

பணம். வாசகர் வட்டக்காரர்கள் முதலில் தங்கள் கையிலிருந்து போட வேண்டும், கொஞ்சமாக இருந்தாலும். அப்புறம் கடைத்தெரு. காசாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேட்டால் கை தாராளமாக நீளும். ஒருவர் அரிசி, ஒருவர் காய்கறி, ஃபேக்டரிக்காரர் டீத்தூள், பந்தல்காரர் நாற்காலி. மதியச் சாப்பாடு வாங்குவதை நினைக்கவே வேண்டாம், சமைத்துவிடலாம். எங்கள் செலவில் எப்போதும் பெரிய பங்கு பிரயாணமும் சாப்பாடும்தான், மீதி சில்லறை. ஒரு பெரிய நிறுவனம் மொத்தச் செலவையும் ஏற்கிறோம் என்று வந்தால் யோசியுங்கள். எங்களுக்கு ஒரு தடவை அப்படி வந்தது. பேனர் வந்தது, தொப்பி வந்தது, பிள்ளைகளுக்கு லோகோ போட்ட பென்சில் வந்தது, விழா முடிந்தபின் பணம் வரவில்லை. பந்தல்காரருக்கு எட்டு மாதம் தவணையில் கட்டினோம். வரவு செலவை ஒரு தாளில் எழுதி அடுத்த நாளே நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த வருஷம் கேட்கப் போகும்போது அந்தத் தாள்தான் பேசும்.

கூட்டம் வருமா என்று கேட்டீர்கள். போஸ்டர் ஒட்டினால் வராது. வாட்ஸப்பில் போட்டால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்கள், வர மாட்டார்கள். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அதே வருஷம்தான் நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகளும் புத்தகமாக வந்தன, முதல் விதியே புத்தகம் பயன்பாட்டுக்கு என்பது. நீங்களும் ஒரு ஜீப் பிடியுங்கள். விழாவுக்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாறு ஹட்டி, மூன்று லைன். ஒரு பெட்டிப் புத்தகம், கதை சொல்ல ஒரு ஆள். அரை மணி நேரம் கதை சொல்லிவிட்டு, முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியை விழா அன்று நூலகத்தில் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிடுங்கள். பிள்ளைகள் அம்மாக்களை இழுத்து வருவார்கள். அவர்களுக்குப் பஸ் சார்ஜ் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், எங்கள் செலவில் பலன் கொடுத்தது அதுதான்.

பெரிய பெரிய போர்டிங் பள்ளிகள் பக்கத்தில் இருக்கும், அங்கிருந்தும் பிள்ளைகள் வரட்டும். ஆனால் பள்ளிவாரியாக வரிசையில் உட்கார வைக்காதீர்கள், கலந்து விடுங்கள். முதல் பத்து நிமிஷம் இரண்டு பக்கமும் கூச்சப்படும். அப்புறம் யாராவது ஒருவன் அட்டைப் பூச்சிக் கதை சொல்லுவான், எல்லாம் சரியாகிவிடும். வெள்ளரிக்கொம்பை பக்கத்து அலு குறும்பர் பழங்குடி ஓவியர் யாராவது வந்து பாறை ஓவியப் பாணியில் வரைந்து காட்ட ஒத்துக்கொண்டால், பிள்ளைகளுக்கு அது போதும், வேறு எதுவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. டீ கொடுக்கும் மேஜைக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேஜை போட்டு உறுப்பினர் படிவங்களை வையுங்கள், எழுதிக் கொடுக்க ஒரு ஆளோடு. மிச்சப் பணம் ஏதாவது இருந்தால் அந்தப் பிள்ளைகளின் காப்புத் தொகையையும் சந்தாவையும் அதிலிருந்து கட்டிவிடுங்கள், சின்னத் தொகைதான். எங்களுடைய நல்ல விழாக்கள் இரண்டிலும் திங்கட்கிழமை காலை கதவு திறக்கும்போது வாசலில் ஆள் நின்றார்கள். இந்த ஏற்பாடு அந்த இரண்டில் மட்டும்தான் இருந்தது. படிவத்தில் முகவரி என்ற இடத்தில் பலர் எஸ்டேட் பெயரையும் ‘மேல் லைன்’ என்றும் மட்டும்தான் எழுதுவார்கள். கதவு எண் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று நூலகரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ரேஷன் கார்டில் அந்த வீட்டுக்கு அதுதான் முகவரி.